முடிவு தெரிந்த பயணம்: 'என்டர்பிரைஸ்' தொடரும் முன்கதை என்னும் வடிவமும்

ஏற்கெனவே வெளிவந்து மக்கள் மனத்தில் நிலைபெற்றுவிட்ட ஒரு கதைக்கு முந்தைய காலத்தில் நிகழ்வதாக, ஆனால் அதற்குப் பின்னர் எழுதப்படும் படைப்பை முன்கதை என்பர். நாவலுக்கும் திரைப்படத்துக்கும் இவ்வடிவம் புதியதன்று என்றாலும், அறிவியல் புனைவைச் சார்ந்த தொலைக்காட்சித் தொடர்களில் அது தனக்கே உரிய ஒரு சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது. பிற முன்கதைகள் மனிதர்களின் இளமையையும் அவர்களுடைய பழைய காயங்களையும் சொன்னால் போதும். அறிவியல் புனைவின் முன்கதையோ, மூலத் தொடரில் எவ்வித விளக்கமும் இன்றி ஏற்கப்பட்ட எந்திரங்கள், அரசமைப்புகள், உடன்படிக்கைகள், வேற்றுக்கோள் இனங்களோடு கொண்ட உறவுகள் ஆகியவை எப்படித் தோன்றின என்பதையும் சொல்லியாக வேண்டும். அதுவும், பின்னால் வரப்போவதாகப் பார்வையாளர் முன்பே அறிந்திருக்கும் எதையும் குலைக்காமல் சொல்ல வேண்டும். 2001 செப்டம்பர் 26 முதல் 2005 மே 13 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான, 98 பகுதிகளைக் கொண்ட 'ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்' இச்சுமையை ஏற்று, பாதி வழியில் அதை இறக்கி வைத்து, பிறகு காலம் கடந்து மீண்டும் தூக்கிக்கொண்ட தொடர் ஆகும்.

அத்தொடரைத் தலைசிறந்த படைப்பு என்று சொல்வோர் மிகச் சிலர். முற்றாகத் தள்ளத்தக்கது என்று சொல்வதும் நியாயமாகாது. அதன் நல்ல பகுதிகள் அலுக்கவைக்கும் பகுதிகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. இத்தகைய நடுத்தரப் படைப்புகளைத் திறனாய்வு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. உயர்ந்தவற்றுக்கு விளக்கமும் இழிந்தவற்றுக்குக் கண்டனமும் எழுதப்படுகின்றன. இடையில் நிற்பவை ஒளிபரப்பாகி, மறக்கப்பட்டுப் போகின்றன. ஆயினும் ஒரு வடிவம் உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு நடுத்தரப் படைப்பே பெரிதும் உதவும். தேர்ந்த தச்சர் செய்த பெட்டியில் மரத்தோடு மரம் சேர்ந்த இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கைத்தேர்ச்சி குறைந்தவர் செய்ததில் மூட்டுவாய் ஒவ்வொன்றும் தெரியும். 'என்டர்பிரைஸ்' தொடரில் முன்கதையின் மூட்டுவாய்கள் அனைத்தும் வெளியே தெரிகின்றன.

தொடரின் பிறப்புச் சூழலை முதலில் கருத வேண்டும். ஜீன் ராடன்பெரி உருவாக்கிய முதல் 'ஸ்டார் ட்ரெக்' 1966இல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கி, 79 பகுதிகளோடு 1969இல் நிறுத்தப்பட்டது. அது 23ஆம் நூற்றாண்டில், மனிதரும் பல வேற்றுக்கோள் இனத்தாரும் இணைந்த கூட்டமைப்பு ஒன்று முன்னரே நிலைபெற்றுவிட்ட உலகில் நிகழ்வது. 1987இல் தொடங்கிய 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்', அதைத் தொடர்ந்து 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' ஆகிய மூன்றும் தலா ஏழு பருவங்கள் ஓடின. 'வாயேஜர்' 2001 மே மாதத்தில் முடிந்தது. நான்கே மாதங்களில், ரிக் பெர்மன், பிரானன் பிராகா ஆகிய இருவர் உருவாக்கத்தில், யூபிஎன் என்னும் சிறிய தொலைக்காட்சி வலையமைப்பில் 'என்டர்பிரைஸ்' வந்தது. இருவருமே முந்தைய தொடர்களில் நெடுங்காலம் உழைத்தவர்கள். ஓய்வோ இடைவெளியோ இல்லாமல், ஆண்டுக்கு 26 பகுதிகள், பகுதிக்கு ஏறத்தாழ 42 நிமிடம் என்ற கணக்கில் எழுதித் தள்ள வேண்டியிருந்த ஓர் ஆலை அது. அந்த ஆலையின் களைப்பு முதல் இரண்டு பருவங்களின் மீது அப்படியே படிந்திருக்கிறது.

முதல் பருவம் முழுவதையும் பூமியிலேயே நிகழ்த்தி, கப்பல் கட்டப்படுவதையும் அதற்கான ஆட்கள் ஒவ்வொருவராகச் சேர்வதையும் காட்டிவிட்டு, பிறகே விண்ணில் ஏற்றுவது என்பது படைப்பாளர்கள் தொடக்கத்தில் எண்ணியிருந்த திட்டம் எனப் பின்னாளில் பிராகா கூறியிருக்கிறார். தயாரிப்பு நிறுவனம் அதை ஏற்கவில்லை. பின்னோக்கிப் போகும் தொடர் என்றால் பழமையின் வாடை அடிக்குமோ என்ற அச்சத்தில், 31ஆம் நூற்றாண்டுவரை நீளும் எதிர்காலத்திலிருந்து சிலர் இறந்தகாலத்தில் தலையிட்டு வரலாற்றைத் திருத்த முயலும் 'காலப் பனிப்போர்' என்ற இழை கதைக்குள் புகுத்தப்பட்டது. முன்கதைத் தொடர் ஒன்று முன்கதையாக இருக்க அஞ்சியதன் முதல் அடையாளம் இதுவே. அந்த இழைக்கு என்ன முடிவு என்று எவரும் முன்கூட்டித் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. நான்காம் பருவத்தின் தொடக்கத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவில் நிகழும் இரண்டு பகுதிகளில் அது அவசரமாக முடித்துவைக்கப்பட்டது. பின்னணியில் நிழலாக நின்று கட்டளையிட்ட எதிர்கால மனிதர் யார் என்பது கடைசிவரை சொல்லப்படவே இல்லை.

ஆனால் தொடரின் கருவில் இருந்த வாய்ப்பு பெரிது. கதை 2151இல், முதல் தொடரின் நாயகரான கிர்க்கின் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர் தொடங்குகிறது. ஒளியின் வேகத்தை மீறிச் செல்லும் 'வார்ப்' எந்திரத்தை மனிதர் 2063இல் கண்டறிந்து, அதன் விளைவாக வல்கன்கள் எனப்படும் தர்க்கத்தையே வாழ்வுநெறியாகக் கொண்ட இனத்தாரைச் சந்தித்து ஏறத்தாழ 90 ஆண்டுகள் கடந்துவிட்டன. மனிதர் இன்னும் பக்குவமடையவில்லை என்று கருதும் வல்கன்கள் அறிவைப் பகிராமல் தடுத்துவந்த நிலையில், ஐந்தாம் வேகநிலையை எட்டும் முதல் மனிதக் கப்பலான என்எக்ஸ்-01 ஜானதன் ஆர்ச்சரின் தலைமையில் புறப்படுகிறது. ஸ்காட் பாகுலா நடித்த இந்த ஆர்ச்சர், அக்கப்பலின் எந்திரத்தை வடிவமைத்தும் அது பறப்பதைப் பார்க்காமலே இறந்த பொறியாளரின் மகன். தந்தையின் வாழ்நாளைத் தாமதத்தால் வீணடித்தவர்கள் என்று வல்கன்கள்மீது அவருக்குத் தீராத கசப்பு உண்டு. அந்தக் கசப்போடு அவர் தம் கப்பலில் டி'பால் என்ற வல்கன் அதிகாரியை ஏற்றுக்கொள்ள நேர்கிறது.

மூலத் தொடர்களில் எளிதாக இயங்கிய எதுவும் இக்கப்பலில் இல்லை என்பதே தொடரின் தொடக்க வாக்குறுதி. பகைவரின் தாக்குதலைத் தடுக்கும் ஆற்றல் கவசம் இல்லை. கப்பலின் மேல்தகட்டுக்கு மின்னேற்றி உறுதியாக்க மட்டுமே முடியும். பிற கலங்களைப் பற்றியிழுக்கும் கதிர் இல்லை. கொக்கி கட்டிய வடத்தை எறிய வேண்டும். ஓர் உடலைத் துகள்களாகப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் சேர்க்கும் 'டிரான்ஸ்போர்ட்டர்' இருக்கிறது என்றாலும், உயிருள்ளோரை அதில் அனுப்பலாம் என்ற அனுமதி அண்மையில்தான் கிடைத்தது என்பதால் அதில் ஏற எல்லாரும் தயங்குகிறார்கள். எம்மொழியையும் உடனே பெயர்த்துத் தரும் கருவி முழுமை பெறவில்லை; அதனாலேயே ஹோஷி சாட்டோ என்ற மொழியறிஞர் கப்பலில் இடம்பெறுகிறார். தயாரிப்பு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸிம்மர்மன் இதற்கேற்ப உட்பகுதிகளை நீர்மூழ்கிக் கப்பலை ஒத்த குறுகிய வழிகளோடும் தாழ்ந்த கூரையோடும் அமைத்தார்.

இந்த இல்லாமைகள் கதைகளை ஈன்றிருக்க வேண்டும், பெரும்பாலும் ஈனவில்லை. மின்னேற்றிய மேல்தகடு சில வாரங்களிலேயே பழைய ஆற்றல் கவசம் செய்த வேலையைச் செய்யத் தொடங்குகிறது. தாக்குதலின்போது அதன் வலிமை இத்தனை விழுக்காடு குறைந்தது என்ற அறிவிப்புகூட அப்படியே தொடர்கிறது. ஹோஷி புதிய மொழியொன்றைக் கேட்டு, தடுமாறி, ஒலிகளைப் பிரித்தறிந்து, தவறாகப் பொருள்கொண்டு, மீண்டும் முயலும் காட்சிகள் தொடக்கத்தில் சில வந்துபோன பின் அவ்வேலையைக் கருவியே ஏற்கிறது. லிண்டா பார்க் என்ற நடிகைக்கு அதன்பின் பல பகுதிகளில் செய்வதற்கு ஒன்றுமில்லை. இது வருந்தத்தக்க இழப்பு. முன்பின் அறியாத இரண்டு இனங்கள் பேச்சைத் தேடித் தடவும் அனுபவத்தை ஒரு தொடர் நான்கு ஆண்டுகள் பொறுமையாகக் காட்டியிருந்தால், அதற்கு நிகராகச் சொல்ல அறிவியல் புனைவுத் தொலைக்காட்சியில் வேறொன்று இருந்திருக்காது. எழுத்தாளர்கள் பழகிய கதையமைப்புகளுக்குத் திரும்பினர்: அறியாத கோள், சிறைபிடிப்பு, மீட்பு, முடிவில் யாவும் பழைய நிலைக்குத் திரும்புதல். ஒரு பகுதியில் நேர்ந்தது அடுத்த பகுதியில் தடமின்றி மறையும் இந்த வழக்கம், பகுதிகளை எந்த வரிசையிலும் மறுஒளிபரப்புச் செய்ய வசதியாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிலைபெற்ற ஒன்று. ஆனால் ஒன்று எப்படி உருவாயிற்று என்று சொல்லப் புறப்பட்ட தொடருக்கு அது நேரெதிரானது.

முன்கதையைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் குறை வேறு: முடிவு தெரிந்துவிட்டதால் பதற்றம் இராது என்பதே அக்குறை. பூமி அழியாது, கூட்டமைப்பு 2161இல் உருவாகும், மனிதரும் வல்கன்களும் ஆண்டோரியன்களும் டெல்லரைட்களும் அதன் முதல் உறுப்பினர் ஆவர் என்பதெல்லாம் பார்வையாளருக்கு முன்பே தெரியும். இக்குறை அடிப்படையிலேயே பிழையானது. பாரதக் கூத்துக்கு விடிய விடியக் கூடியிருப்போர் எவரும் துரியோதனனின் முடிவு தெரியாமல் வந்தவர்கள் அல்லர். என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால், எப்படி நடந்தது, யார் எதை இழந்ததால் நடந்தது என்ற கேள்விகளுக்கு முழுக் கவனமும் கிடைக்கிறது. 'என்டர்பிரைஸ்' தவறியது முடிவு தெரிந்திருந்ததால் அன்று. தெரிந்த அந்த முடிவை நோக்கி நடக்காமல் இரண்டு ஆண்டுகள் சுற்றுவழியில் அலைந்ததால்தான்.

அம்முடிவை நோக்கி நடந்த இடங்களில் முதல் பருவத்திலேயே தொடர் உயிர்பெறுகிறது. ஏழாம் பகுதியான 'தி ஆண்டோரியன் இன்சிடென்ட்' இதற்குச் சான்று. வல்கன்களின் பழமையான மடம் ஒன்றை, நீலத் தோலும் தலையில் உணர்கொம்புகளும் கொண்ட ஆண்டோரியன்கள் கைப்பற்றி, அங்கே உளவு நிலையம் மறைந்திருக்கிறது என்று துறவிகளைத் துன்புறுத்துகின்றனர். அங்கே வந்து மாட்டிக்கொள்ளும் ஆர்ச்சரும் டி'பாலும் துறவிகளைக் காக்கப் போராடுகின்றனர். முதல் தொடரின் காலத்திலிருந்து வல்கன்களை வாய்மைக்கு இலக்கணமாகக் கண்டு பழகிய பார்வையாளர், ஆண்டோரியன்களின் குற்றச்சாட்டைப் பொய் என்றே கொள்வர். இறுதியில் மடத்துக்கு அடியில் உளவு நிலையம் உண்மையிலேயே இருப்பது தெரியவருகிறது; ஆர்ச்சர் அதற்கான சான்றை ஷ்ரான் என்ற ஆண்டோரியத் தளபதியிடமே ஒப்படைக்கிறார். பார்வையாளரின் முன்னறிவையே அவரை ஏமாற்றும் கருவியாக்கியதிலும், பிற்காலக் கூட்டமைப்பின் முதல் நம்பிக்கை கூட்டாளிகளான வல்கன்களைக் காட்டிக்கொடுத்ததில் பிறந்தது என்று காட்டியதிலும் இப்பகுதி முன்கதை வடிவத்தின் முழு வலிமையையும் பயன்படுத்துகிறது. ஜெஃப்ரி கோம்ஸ் நடித்த ஷ்ரான் இத்தொடரின் மிகச் சிறந்த பாத்திரங்களில் ஒருவராக வளர்ந்ததற்கு இதுவே தொடக்கம்.

'டியர் டாக்டர்' என்ற பகுதி இதற்கு மாறான பாடம். வளர்ச்சியில் பின்தங்கிய பிற உலகங்களின் போக்கில் தலையிடக் கூடாது என்பது பிற்காலக் கூட்டமைப்பின் தலையாய விதி. அது இன்னும் இயற்றப்படாத காலத்தில் கப்பலின் மருத்துவர் ஃப்ளாக்ஸ், மரபணு நோயால் அழிந்துவரும் வலாகியன் இனத்துக்கு மருந்தைக் கண்டறிகிறார். அதே கோளில் அவர்களுக்கு அடங்கி வாழும் மெங்க் என்ற மற்றோர் இனம் மேலெழும் வாய்ப்பைக் குலைக்கக் கூடாது என்ற வாதத்தின்பேரில் அம்மருந்து மறுக்கப்படுகிறது. வலியைத் தணிக்கும் மருந்து மட்டுமே தரப்படுகிறது. பரிணாமத்துக்கு முன்குறித்த திசையோ திட்டமோ இல்லை என்பது உயிரியலின் அடிப்படை. ஓர் இனம் அழியவும் மற்றது எழவும் இயற்கை முடிவு செய்துவிட்டது என்பது போன்ற வாதத்தின்மேல் கோடிக்கணக்கான உயிர்களை விட்டுவிடுவது அறிவியலாகவும் நிற்காது, அறமாகவும் நிற்காது. பின்னாளைய விதிக்குத் தோற்றுவாய் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் முந்தி நின்று, கதை மாந்தர் எட்ட வேண்டிய முடிவை அவர்கள்மேல் திணித்ததால் நேர்ந்த பிழை இது. விதி எப்படிப் பிறந்தது என்று சொல்வதற்கு, தலையிட்டு அதனால் விளைந்த கேட்டைக் காட்டுவதே நேர்வழி. இரண்டாம் பருவத்தின் 'கோஜெனிட்டர்' அதைச் செய்தது. அடிமைபோல் வாழும் ஒருவருக்கு எழுத்தறிவித்து விடுதலை ஆசையை ஊட்டும் பொறியாளர் டிரிப்பின் நல்லெண்ணம், அடைக்கலம் மறுக்கப்பட்ட அந்த உயிரின் தற்கொலையில் முடிகிறது. அப்பகுதியில் எந்த விதியின் பெயரும் வரவில்லை. வரத் தேவையும் இல்லை.

அடுத்த சுமை, ஒத்திசைவு. ஒரு புனைவுலகில் உண்மையென ஏற்கப்பட்ட நிகழ்வுகளின் தொகுப்பைக் 'கேனன்' என்று ரசிகர்கள் அழைப்பர். பின்னர் வரும் படைப்பு ஒன்று முந்தைய செய்திக்குப் புது விளக்கம் தந்து மாற்றியமைப்பதை 'ரெட்கான்' என்பர். 1966இல் வெளிவந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' என்ற பகுதியின்படி, ரோமுலன்கள் என்ற பகை இனத்தாரோடு ஒரு நூற்றாண்டுக்கு முன் போரிட்ட மனிதர் அவர்களுடைய முகத்தைப் பார்த்ததே இல்லை. கப்பலைக் கண்ணுக்கு மறைக்கும் அவர்களுடைய நுட்பமும் அப்போது புதியது. 'என்டர்பிரைஸ்' தொடரின் 'மைன்ஃபீல்ட்' பகுதியில் ரோமுலன்கள் குரலாக மட்டும் வந்து முதல் விதியைக் காக்கின்றனர். ஆனால் அவர்களுடைய கப்பல்கள் மறையவும் தோன்றவும் செய்து இரண்டாம் விதியை மீறுகின்றன. மனிதர் 24ஆம் நூற்றாண்டில்தான் அறிந்துகொண்டதாகக் காட்டப்பட்ட ஃபெரங்கிகளும் போர்க்களும் தம் இனப்பெயரை வெளியிடாமல் வந்து போகின்றனர். பெயரைச் சொல்லாவிட்டால் வரலாறு கெடாது என்பது சட்டநுணுக்க விளக்கமாக இருக்கலாம். கலைக்கு அது போதாது. புகழ்பெற்ற எதிரிகளை அழைத்து வந்தால் பார்வையாளர் எண்ணிக்கை உயரும் என்ற கணக்கைத் தவிர அவர்கள் வரவுக்கு வேறு காரணம் தென்படவில்லை.

இதே சிக்கலை அன்போடு அணுகினால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கிளிங்கான்களின் நெற்றி எடுத்துக்காட்டு. முதல் தொடரில் செலவுக் குறைவால் எளிய ஒப்பனையோடு மனிதரைப் போலவே தோன்றிய கிளிங்கான்கள், 1979இல் வந்த திரைப்படம் முதல் நெற்றியில் எலும்பு வரம்புகளோடு காட்டப்பட்டனர். 1996இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' இதைப் பற்றிக் கேட்கப்படும் கிளிங்கான் ஒருவர், அதை வெளியாரிடம் பேசுவதில்லை என்று நழுவுவதாகக் காட்டிச் சிரிக்கவைத்தது. 2005இல் 'அஃப்ளிக்‌ஷன்', 'டைவர்ஜென்ஸ்' என்ற இரு பகுதிகள் இதற்கு நேரான காரணம் கூறின: மனிதரின் மரபணு மேம்பாட்டு ஆய்வைத் திருடித் தம் வீரர்களை வலுவாக்க முயன்ற கிளிங்கான்களிடையே அது கொள்ளைநோயாகி, உயிர்தப்பியோர் நெற்றி வரம்பை இழந்தனர். தன் தோற்றத்தையே பெருமையாகக் கொண்ட போர்க்குணமிக்க இனம் ஒன்று ஏன் அதைப் பற்றி வாய்திறக்க நாணியது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது.

மூன்றாம் பருவம் தொடரின் நடுவே ஒரு முறிவு. முதல் ஒளிபரப்பை ஏறத்தாழ 1.25 கோடிப் பேர் பார்த்த நிலை மாறி, எண்ணிக்கை வேகமாகச் சரிந்துகொண்டிருந்தபோது, 2003 மே மாதத்தில் ஒளிபரப்பான பகுதியில் அறியாத எதிரி ஒருவரின் ஆயுதம் பூமியைத் தாக்கி 70 லட்சம் பேரைக் கொல்கிறது. எதிரிகளான ஸிண்டிகளைத் தேடி ஆபத்தான விண்பரப்புக்குள் கப்பல் நுழைந்து, ஒரு பருவம் முழுதும் ஒரே கதையாக நீள்கிறது. தொடர் தொடங்குவதற்கு இரு வாரங்களுக்கு முன் நிகழ்ந்த 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் நிழல் இதில் வெளிப்படை. இப்பருவத்தின் இரண்டாம் பகுதியான 'அனாமலி'யில், ஆர்ச்சரின் கப்பலைக் கொள்ளையிட்டு அகப்பட்ட ஒருவரிடமிருந்து செய்தி கறக்க, அவரைக் காற்றுத்தடை அறையில் அடைத்துக் காற்றை வெளியேற்றி ஆர்ச்சர் வதைக்கிறார். அக்கொள்ளையரோ அப்பரப்பில் சிக்கி வெளியேற வழியின்றிப் பிழைப்புக்காகக் கொள்ளையரானவர். பருவத்தின் பிற்பகுதியில் வரும் 'டேமேஜ்' என்ற பகுதியில், சிதைந்த கப்பலோடு பூமியைக் காக்க விரையும் ஆர்ச்சர், தமக்கு எத்தீங்கும் செய்யாத ஒரு கப்பலின் வார்ப் கருவியை ஆயுத பலத்தால் பறித்து, அதன் மக்களை வீடு திரும்பப் பல ஆண்டுகள் ஆகும் நிலையில் கைவிடுகிறார். முன்னதில் வதைபட்டவரின் இடத்துக்குப் பின்னதில் வதைத்தவர் வந்துசேர்ந்ததை எந்தப் பாத்திரமும் எடுத்துச் சொல்வதில்லை. இரு பகுதிகளையும் நினைவில் வைத்திருக்கும் பார்வையாளரே உணர்ந்துகொள்ள வேண்டும். நெடுந்தொடர் என்ற வடிவம் மட்டுமே தரக்கூடிய பயன் இது. தனித்தனிப் பகுதிகளாகத் தேர்ந்து பார்ப்போருக்கு இது கிட்டாது.

நான்காம் பருவத்தில் மேனி கோட்டோ எழுத்துப் பொறுப்பை ஏற்றபின், தொடர் தன் சொந்தக் கேள்வியை முதன்முறையாக நேருக்கு நேர் எதிர்கொண்டது: ஒருவரையொருவர் நம்பாத நான்கு இனங்கள் எப்படி ஒரு கூட்டமைப்பு ஆயின? இரண்டு அல்லது மூன்று பகுதிகள் கொண்ட தொகுதிகளாகக் கதைகள் அமைந்தன. முதல் மூன்று பருவங்களில் வல்கன்கள் செருக்கும் வஞ்சகமும் உடையோராகக் காட்டப்பட்டது பழைய ரசிகர்களைப் புண்படுத்தியிருந்தது. 'தி ஃபோர்ஜ்' என்ற பகுதியில் தொடங்கும் முத்தொகுதி அக்குறையையே கதைப்பொருளாக்கியது: வல்கன் ஆட்சியாளர்கள் தம் ஞானாசிரியர் சூராக்கின் போதனையிலிருந்து விலகிப் போயினர், தொலைந்த மூலச் சுவடிகள் பாலைவனத்தில் கண்டெடுக்கப்படுகின்றன, அவற்றைச் சுமந்து வரும் பொறுப்பு வல்கன்களை வெறுத்த ஆர்ச்சரின் தோளில் விழுகிறது. எழுத்தாளர்களின் பழைய பிழையைத் துடைத்தெறியாமல், அதை ஒரு சமூகத்தின் சரிவாகப் பொருள்கொண்டு, அதிலிருந்து சீர்திருத்தம் பிறப்பதைக் காட்டியதில் உயர்ந்த கைத்திறன் இருக்கிறது.

'பேபல் ஒன்', 'யுனைட்டட்', 'தி ஈனார்' என்ற அடுத்த முத்தொகுதியில், எக்கப்பலின் தோற்றத்தையும் பூணவல்ல ஆளில்லா ரோமுலன் கலம் ஒன்று ஆண்டோரியன்களையும் டெல்லரைட்களையும் மோதவிடுகிறது. அதைத் தேடுவதற்காக நான்கு இனத்தாரின் கப்பல்களும் முதன்முறையாக ஓரணியில் நிற்கின்றன. கூட்டமைப்பின் வித்து உயர்ந்த கொள்கைகளில் முளைக்கவில்லை, ஒரு தேடுதல் வேலையைப் பகிர்ந்துகொண்டதில் முளைத்தது என்ற இந்தப் பார்வை வரலாற்று உணர்வுடையது. இறுதியில் 'டீமன்ஸ்', 'டெர்ரா பிரைம்' ஆகிய இரு பகுதிகள், வேற்றினத்தார் பூமியில் கால்வைப்பதையே எதிர்க்கும் மனித இயக்கம் ஒன்றைக் காட்டுகின்றன. பீட்டர் வெல்லர் நடித்த அதன் தலைவர், தம் பரம்பரை நோய்க்கு வேற்றினத்தாரின் மருத்துவத்தையே கமுக்கமாகப் பெற்று உயிர்வாழ்பவர். டிரிப், டி'பால் இருவரின் மரபணுக்களைத் திருடி, கலப்பினத்தின் அச்சுறுத்தலாகக் காட்ட அவ்வியக்கம் உருவாக்கிய குழந்தை இறந்துபோகிறது. குறை கலப்பில் இல்லை, உருவாக்கிய முறையில்தான் இருந்தது என்று பின்னர் தெரியவருகிறது.

இவையெல்லாம் காலம் கடந்த வேளாண்மை. தொடர் நிறுத்தப்படும் செய்தி 2005 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டுவிட்டது. பார்வையாளர் தொகை ஏறத்தாழ 30 லட்சமாகச் சுருங்கியிருந்தது. 'டெர்ரா பிரைம்' ஒளிபரப்பான அதே இரவில் கடைசிப் பகுதியும் ஒளிபரப்பாயிற்று. அதில் கதை 2161க்குத் தாவுகிறது. ஆனால் அதுவும் நேராகச் சொல்லப்படாமல், 24ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' பாத்திரமான ரைக்கர், 1994இல் வெளிவந்த ஒரு பகுதியின் இடைவேளையில், தம் மனக்குழப்பம் தீர ஒளியுருவமாகப் பார்க்கும் பழைய நிகழ்வாகச் சொல்லப்படுகிறது. டிரிப் வலுவான காரணமின்றி உயிரிழக்கிறார். கூட்டமைப்பு பிறக்கும் அவையில் ஆர்ச்சர் உரையாற்ற மேடையேறும் கணத்தில் ரைக்கர் காட்சியை நிறுத்தச் சொல்லிப் புறப்படுகிறார். நான்கு ஆண்டுகள் எந்த நிகழ்வை நோக்கி நடந்தனவோ அந்த உரை ஒலிப்பதே இல்லை. முன்கதை ஒருநாளும் செய்யக் கூடாதது இதுவே: தன் மாந்தரின் வாழ்வு, பின்னால் வரப்போகும் பெரிய கதைக்கு அடிக்குறிப்பு என்று தானே ஒப்புக்கொள்வது.

இவ்விடத்தில் 'கேப்ரிகா'வோடு ஒப்பிடுவது பயன்தரும். 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரின் நிகழ்வுகளுக்கு 58 ஆண்டுகள் முன்பு நிகழும் இம்முன்கதை, 2010இல் ஒளிபரப்பாகத் தொடங்கி 18 பகுதிகளோடு முடிந்தது. மூலத் தொடரில் தளபதியாக விளங்கிய வில்லியம் அடாமா இதில் சிறுவனாக வருகிறான் என்றே பார்வையாளர் நம்பினர். அவன் எதிர்காலம் தெரிந்திருந்ததால் அவனுக்கு ஆபத்து வராது என்றும் நம்பினர். இறுதிக்கு முந்தைய பகுதியில் அச்சிறுவன் கொல்லப்படுகிறான். பின்னர் பிறக்கும் தம்பிக்கு அவன் பெயர் சூட்டப்படுகிறது. முன்னறிவைப் பாதுகாப்பு என்று எண்ணியிருந்தோரின் காலடி நழுவுகிறது. 'கேப்ரிகா'வும் மெதுவாக நகர்ந்து தடுமாறிய தொடரே. எனினும் தன் வடிவத்தைக் கண்டு அது அஞ்சவில்லை.

'ஸ்டார் ட்ரெக்' வரிசையிலேயே பின்னர் வந்த இரு முன்கதைகள் இதே சிக்கலுக்கு நேரெதிரான விடைகளைத் தேடின. 2017இல் தொடங்கிய 'டிஸ்கவரி' கிர்க்குக்குச் சற்று முந்தைய காலத்தில் இரு பருவங்கள் ஓடி, ஒத்திசைவின் கட்டுகளைத் தாங்க இயலாமல் 900 ஆண்டுகளுக்கும் அப்பால் தாவி, முன்கதை என்ற நிலையையே துறந்தது. 2022இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' அங்கேயே நின்றது. அதன் நாயகரான பைக் தமக்கு நேரவிருக்கும் கொடிய விபத்தை முன்பே கண்டவர். 1966இலிருந்து பார்வையாளர் அறிந்திருந்த செய்தி இப்போது பாத்திரத்துக்கும் தெரிகிறது, தெரிந்தும் எப்படி வாழ்வது என்பதே கதையாகிறது. இந்த வெற்றியை எழுத்தாளர்களின் துணிவுக்கு மட்டும் உரியதாக்குவது சரியாகாது. பருவத்துக்குப் பத்துப் பகுதிகள் எழுதுவோருக்குக் கிடைக்கும் அவகாசம், 26 பகுதிகள் எழுதியோருக்கு இருந்ததில்லை.

இதனிடையே 'என்டர்பிரைஸ்' தொடரின் நிலையும் மாறிவிட்டது. 2009இல் ஜே. ஜே. ஆப்ராம்ஸ் இயக்கிய திரைப்படம் 2233இல் வரலாறு கிளைபிரிவதாக அமைத்ததால், அதுவரை வந்திருந்த ஐந்து நடிப்புத் தொடர்களுள் அக்கிளைக்கு முன் நிகழ்வது இது ஒன்றுதான். ஆகவே இரு கிளைகளுக்கும் பொதுவான ஒரே கடந்தகாலமாக அது நிற்கிறது. 2016இல் வந்த 'ஸ்டார் ட்ரெக் பியாண்ட்' திரைப்படத்தின் எதிர்நாயகன், ஸிண்டிகளோடும் ரோமுலன்களோடும் போரிட்ட படைவீரனாக இருந்து, கூட்டமைப்பு பிறந்தபின் தனக்கு வேலையில்லாமல் போனதை ஏற்க முடியாதவன். 2023இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரின் பகுதி ஒன்றில், பைக்கின் கப்பலில் மரபுக்காகப் பொதிக்கப்பட்டிருந்த என்எக்ஸ்-01இன் உலோகத் துண்டே சிக்கலைத் தீர்க்கிறது. பிறர் எழுதிய வரலாற்றை மீறுகிறது என்று ஒருகாலத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட தொடர், இன்று பின்வருவோர் மீறாமல் காத்து எழுத வேண்டிய வரலாற்றின் ஒரு பகுதி.